விதைக்காமல் முளைத்த செடி

மழை ஓய்ந்த சில நாட்களில், பீன்யாவில் நம் வீட்டுத் தோட்டத்தில் நாம் விதைக்காத செடியொன்று தலைகாட்டுகின்றது. தரையோடு வட்டமாகப் படர்ந்த அதன் இலைகள், செவ்வந்தி நாற்றோ, மாசிப்பத்திரியோ என மயங்க வைக்கின்றன. தானாக வந்த பசுமையைப் பிடுங்க மனமின்றி நீர் வார்ப்போரும் உண்டு.

ஐயமுள்ள இலையை வெறுங்கையால் கசக்கிப் பார்த்தல் வேண்டா, குச்சியால் புரட்டுங்கள். மாசிப்பத்திரியாயின் அடிப்புறம் வெளுத்திருக்கும். செவ்வந்தி இலை தடித்து, அகன்ற மடல்களோடு இருக்கும். இதுவோ கேரட் இலைபோல் நுணுகிப் பிளந்திருக்கும். பின்னர்த் தண்டு உயர்ந்து கிளைத்து, ஐந்து மூலைகள் கொண்ட சிறு வெண்பூக்களைச் சூடும். ஆம், இது பார்த்தீனியம்!

வெப்பமண்டல அமெரிக்காவிற்கு உரிய இச்செடி, 1950-களில் புணேயில் கவனத்திற்கு வந்து நாடெங்கும் பரவியது. மக்கள் இதனைக் காங்கிரஸ் புல் என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயர் சற்று உறுத்துகின்றது. இது புல்லன்று, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி.

தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் மூச்சிற்கும் ஊறு செய்யும். மெக்சிகோவிலிருந்து வருவித்த வண்டினத்தை 1984-இல் பெங்களூரில் விடுவித்தனர். அது மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கும்; வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும். எனவே வண்டை நம்பி வாளாவிருத்தல் தகாது.

ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஆதலின் பூக்குமுன், ஈரமண்ணில், கையுறை அணிந்து வேரோடு களையுங்கள். விதை முற்றிய செடியை மட்டும் எருக்குழியில் இடாதீர்கள். அந்த எருவோடு அது மீண்டும் பாத்திக்கே வந்து சேரும்.