கூட நடக்க ஆள் வேண்டும்!

தலைப்பு: ஊர் சுற்றிப் பார்க்கும் இன்பத்திற்குப் பெரிதும் தேவை கை நிறையப் பணமா? கூட வரும் நண்பர்களா?

அணி: கூட வரும் நண்பர்களே!



எனக்கு முன்னால் பேசிய சகோதரர் ரொம்ப ஆவேசமாகப் பேசினார். "பணம் இல்லாவிட்டால் பனகல் பார்க்கைக் கூடத் தாண்ட முடியாது" என்றார். ஐயா, நான் தி.நகர்க்காரி. பனகல் பார்க்கைத் தாண்ட முடியாமல் போவது பணம் இல்லாததால் இல்லை. கூட்டத்தால்! (சிரிப்பு) அதுவும் கையிலே பணத்தோடு போனவன்தான் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். ஒரு பக்கம் நகைக்கடை, இன்னொரு பக்கம் பட்டுப் புடவைக் கடை. காசு இல்லாதவன் பேசாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறான்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசித்தால் தோசை வேண்டும், தோசைக்குக் காசு வேண்டும். ஆனால் பணம் நம்மை ஓர் ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். அந்த ஊரை நமக்குள்ளே இறக்குவது, கூட நடக்கிற ஆள்.

என் கணவருடைய அண்ணன் குடும்பம் இத்தாலிக்குப் போய் வந்தது. பத்து நாள், ஏழு ஊர், பல லட்சம் ரூபாய். ஆசையாகக் கேட்டேன், "அத்தான், ரோம் நகரம் எப்படி இருந்தது?" அவர் யோசித்தார். மன்னியைப் பார்த்துக் கேட்டார், "ரோம்ங்கறது அந்த பஸ்ல ஏசி ஜாஸ்தியா இருந்துதே, அந்த ஊரா?" (பலத்த சிரிப்பு) இரண்டாயிரம் ஆண்டு வரலாறு ஐயா! அவருக்கு ஞாபகம் இருந்தது ஏசி மட்டும்தான். காரணம் என்ன? நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் அவருக்குச் சிநேகிதர் ஒருவர்கூட இல்லை.

அதே இத்தாலியில் வெனிஸ் என்று ஓர் ஊர். அங்கே 2024-ம் ஆண்டில், கூட்டம் அதிகமாக இருக்கிற சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்கள் ஊருக்குள் நுழையவே 5 யூரோ கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். நம்ம கணக்குக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய். சும்மா உள்ளே கால் வைப்பதற்கு! அந்தக் காசிலே நாங்கள் நாலு பேர் ஒரு நாள் முழுக்க ஒரு பழைய நகரத்தைச் சுற்றிப் பார்த்தோம். எந்த நகரம்? இதோ இருக்கிற மயிலாப்பூர்! (கைதட்டல்)

"மயிலாப்பூரா? தினமும் பார்க்கிற ஊர்தானே?" என்பீர்கள். பார்க்கிறோமா ஐயா? கடந்து போகிறோம்.

நாங்கள் நாலு பேர் கல்லூரித் தோழிகள். முப்பது வருஷ சிநேகிதம். எங்களில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. அவள் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் அவள் வாசற்படி தாண்டவில்லை. மகன் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. "அம்மா, டிக்கெட் போடறேன், நாலு ஊர் பார்த்துட்டு வா, மனசு மாறும்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். அவள் அசையவில்லை. நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கூப்பிட்டது. அவள் வரவில்லை.

நாங்கள் மூன்று பேரும் என்ன செய்தோம்? ஆளுக்கு நூறு ரூபாய் போடுவது, அதற்குமேல் ஒரு பைசா கிடையாது, மயிலாப்பூரைச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். அவளுக்குப் போன் பண்ணினேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஏண்டி, கைடு வச்சுக்க எங்ககிட்ட காசு இல்ல. நீ வரலைன்னா எங்களுக்கு லஸ் கோயிலுக்கும் லஸ் சிக்னலுக்கும் வித்தியாசம் தெரியாது. வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றேன்.

வந்தாள் ஐயா! (கைதட்டல்) எங்களிடம் பணம் இருந்திருந்தால் கைடு வைத்திருப்போம். அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள். பணம் குறைந்த இடத்திலேதான் ஒரு மனுஷி தேவைப்பட்டாள்.

தி.நகரில் சாதாரண பஸ் ஏறினோம். 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக, போக்குவரத்துச் செலவு பூஜ்யம். எதிரணிச் சகோதரர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கு உண்டு! (சிரிப்பு)

பஸ்ஸிலேயே அவள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். "இந்தத் தி.நகரே ஓர் ஏரி தெரியுமாடி? 1920-களில் ஏரியை வற்ற வைத்து உண்டாக்கின ஊர். மேற்கு மாம்பலத்திலே இன்னும் லேக் வியூ ரோடுன்னு பேர் இருக்கு." எங்கள் பேங்க் தோழி கேட்டாள், "வியூ இருக்கு, லேக் எங்கடி?" அதற்கு அவள், "மழைக்காலத்துல வா, காட்டறேன்" என்றாள். (பலத்த சிரிப்பு) எட்டு மாதத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

லஸ்ஸில் இறங்கி, லஸ் மாதா கோயிலுக்குப் போனோம். போர்த்துக்கீசியர் கட்டியது. லஸ் என்றால் அவர்கள் மொழியில் வெளிச்சம். கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழிகாட்டிக் கரை சேர்த்தது, அதற்கு நன்றியாகக் கட்டினார்கள் என்பது கதை. நம் ஜனங்கள் வைத்த பெயர் காட்டுக் கோயில். அன்றைக்கு அது காடு! அங்கே இருக்கிற கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. என் அத்தான் லட்சம் லட்சமாகச் செலவழித்துப் பார்த்தாரே ரோம் நகரத்துப் புனித பேதுரு பேராலயம், அதைக் கட்ட ஆரம்பித்தது 1506-ல், முடித்தது 1626-ல். அங்கே அவர்கள் கட்டிக்கொண்டே இருந்த காலத்துக் கோயில், நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது.

அங்கே இருபது ரூபாய்க்கு மெழுகுவத்தி. பிறகு தண்ணீர் பாட்டில் ஒன்று, இருபது ரூபாய். நாலு பேருக்கும் ஒரே பாட்டில். நான் அண்ணாந்து குடிக்கும்போது அவள் சொன்னாள்: "அப்படியே நில்லுடி. எழுநூறு வருஷத்துக்கு முன்னாலே வெனிஸ்காரர் மார்க்கோ போலோ இதைத்தான் ஆச்சரியமா எழுதினார். இந்த நாட்டு ஜனங்க பாத்திரத்துல வாய் படாம தூக்கிக் குடிக்கிறாங்கன்னு." அந்த நிமிஷம் நான் சாதாரண ஆளில்லை ஐயா, சரித்திரச் சின்னம்! (சிரிப்பு, கைதட்டல்)

பிறகு கபாலீசுவரர் கோயில். நாற்பது ரூபாய்க்குப் பூ வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நூற்றிருபது அடி உயர கோபுரம், புன்னை மரம் எல்லாம் காட்டிக்கொண்டு வந்தவள், பூம்பாவை சன்னதியில் நின்றாள். கதை உங்களுக்குத் தெரியும். சிவநேசர் என்கிற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்து போகிறாள். தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். திருஞானசம்பந்தர் வருகிறார். அந்தக் குடத்தைப் பார்த்துப் பதிகம் பாடுகிறார். என்ன பாடுகிறார்? தத்துவமா? ஆறுதலா? இல்லை ஐயா! இந்த ஊரின் திருவிழாக்களைப் பாடுகிறார். கார்த்திகை விளக்கு இருக்கிறது, தைப்பூசம் இருக்கிறது, மாசிக் கடலாட்டு இருக்கிறது, பங்குனி உத்திரம் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் பெண்ணே என்று, பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். அவள் எழுந்து வருகிறாள்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், "பார்க்காமலா போகிறாய்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மேலே பேச்சு வரவில்லை. நாங்களும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பேங்க் தோழி கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அடுத்தது என்னடி பார்க்கணும்?"

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியை எந்த டிக்கெட் வாங்கித் தரும்?

இரண்டு தோசை, நாலு தட்டு, நூற்றறுபது ரூபாய். இரண்டு காபி, ஒன் பை டூ, அறுபது ரூபாய். கச்சேரி ரோடு வழியாக நடந்தோம். "இங்கே யாருடி கச்சேரி பண்ணினா?" என்று கேட்டேன். "அந்தக் காலத்திலே ஆபீஸுக்குக் கச்சேரின்னு பேர். உன் வீட்டுக்காரர் தினமும் போறாரே, அதுதான்" என்றாள். "அங்கே அவர் பாடினதே இல்லையே!" என்றேன். "வீட்டிலே நீ பாடறியே, அது போதாதா?" என்றாள். (பலத்த சிரிப்பு)

அந்த ரோட்டிலேயே மசூதி. முடிவிலே, வெள்ளை வெளேரென்று சாந்தோம் பேராலயம். இப்போதிருக்கும் கட்டடம் 1896-ல் முடிந்தது. ஆனால் தோமையாரின் கல்லறை இந்தக் கடற்கரையில் இருப்பதை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வந்து வணங்குகிறார்கள், அந்த மண்ணை எடுத்துப் போய்க் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து, இரண்டு பொட்டலம் சுண்டலை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் மீதிக் கதையைச் சொன்னாள். மார்க்கோ போலோ 24 ஆண்டுகள் ஊர் சுற்றினார். வியாபாரக் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பயணம் புத்தகமானது எங்கே தெரியுமா? ஜெனோவா நகரத்துச் சிறையில்! கையில் காசில்லை, காலுக்குச் சுதந்திரமில்லை. பக்கத்தில் ருஸ்டிசெல்லோ என்று ஒரு சிறைத்தோழர் இருந்தார். இவர் சொன்னார், அவர் கேட்டு எழுதினார். உட்கார்ந்து கேட்க அந்த ஒரு தோழர் கிடைத்திருக்காவிட்டால், அந்த 24 ஆண்டுப் பயணமும் அவரோடேயே போயிருக்கும் ஐயா! (கைதட்டல்)

கணக்குப் பார்த்தோம். மொத்தச் செலவு முந்நூற்று நாற்பது ரூபாய். மீதி அறுபது. "இந்த அறுபது அடுத்த தடவைக்கு" என்று தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள் என் தோழி. "அடுத்த ஞாயிறு அடையாறு. பிரம்மஞான சபை ஆலமரம் காட்டறேன்" என்றாள். பல நூறு ஆண்டு மரம். 1989-ல் புயற்காற்றில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் சாகவில்லை. சுற்றி இறங்கிய விழுதுகள் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

நடுவர் அவர்களே, அடிமரம் சாய்ந்த பிறகும் ஓர் உயிரைத் தாங்கி நிறுத்துவது விழுதுகள். மகன் அனுப்புவதாகச் சொன்ன டிக்கெட் தராததை, நாலு நூறு ரூபாயும் மூன்று தோழிகளும் தந்தார்கள். எனவே, ஊர் சுற்றிப் பார்க்கும் இன்பத்திற்குப் பெரிதும் தேவை கூட வரும் நண்பர்களே, நண்பர்களே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். 

(பலத்த கைதட்டல்)