வீடு இருக்கிறது, வேலை எங்கே?

(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



போன கூடுகையில் ஒரு சகோதரி கேட்டார்கள்: “அரசாங்கம் வீடு கொடுத்துவிட்டதே, பிறகும் ஏன் இவர்கள் மருந்துக்கு நம்மிடம் வருகிறார்கள்?” நியாயமான கேள்விதான். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த அநேகக் குடும்பங்கள் சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. எட்டு அடுக்குக் கட்டடங்கள். கூரை ஒழுகாது, ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வராது. ஆனால் பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நடந்துபோய் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு இப்போது 20 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? மூன்று வீடு ஒரு வீடாகிறது. பெயிண்ட் அடிக்கும் கணவர் போய்ச் சேருவதற்குள் மேஸ்திரி ஆள் எடுத்து முடித்திருப்பார்.

அப்படி ஒரு தாயார், காலில் புண்ணோடு எங்களிடம் வந்தார்கள். சர்க்கரை நோய். மூன்று மாதமாக இன்சுலின் போடவில்லை. நாங்கள் கடிந்துகொண்டோம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் அமைதியாகச் சொன்னார்கள்: “ஒரு நாள் லீவு போட்டா சம்பளத்துல புடிச்சிக்குவாங்க ஐயா. அடுத்த மாசம் வேற ஆள் வெச்சிடுவாங்க. வெள்ளிக்கிழமை குழுக் கடன் கட்டணுமே.” வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. லிஃப்ட் நின்றுபோனால் புண்ணுள்ள காலோடு ஆறு மாடி ஏற வேண்டும். இதையெல்லாம் நாங்கள் கேட்டிருக்கவே இல்லை.

மண்பானையை ஈரமணலில் வைத்து அதற்குள் இன்சுலினைப் பத்திரப்படுத்த எங்கள் நர்ஸம்மா கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் காணிக்கையிலிருந்து இரண்டு மாத மருந்து சேர்த்துக் கொடுத்தோம். ஞாயிறு பிற்பகலில் வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றோம். விரல் தப்பியது, புண் இன்னும் முழுவதும் ஆறவில்லை.

மூத்த மகன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்திருக்கிறான். இரண்டு இடங்களில் விலாசத்தைக் கேட்டதும், “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்களாம். யாரும் சொல்லி அனுப்பவில்லை. உங்களில் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள், தேநீர் வேளையில் எங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவனுடைய சான்றிதழ் நகல் எங்கள் பையில்தான் இருக்கிறது.