காசநோயும் நாடுகளின் கூட்டுறவும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நாடுகள் ஒன்றுகூடி மக்கள் நல்வாழ்வை வளர்ப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றார்கள். பொருள் பெரிது. ஜெனீவாவில் கூடும் மாநாடுகளையும் அங்கு நிறைவேறும் தீர்மானங்களையும் நான் அடுக்கிக்கொண்டே போனால், வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களுக்கு அதனால் பயன் ஒன்றும் இராது. ஆகவே, நம் சென்னையிலே சேத்துப்பட்டில் நடந்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது காசநோயைப் பற்றியது.

க்ஷயம் என்றும் என்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோய்க்கு நெடுங்காலம் மருந்து என்று சொல்லத்தக்கது ஏதும் இருந்ததில்லை. ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகியவையே மருத்துவம். அதற்கென்றே ஊருக்கு வெளியே சானடோரியம் என்னும் மருத்துவ நிலையங்கள் எழுந்தன. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்திற்கு இன்றும் அப்பெயரே வழங்குகிறது. பின்னர், 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. சுவீடனிலிருந்து பாஸ் என்னும் மருந்து வந்தது. 1952-இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மாத்திரை வழக்கத்திற்கு வந்தது.

மருந்து வந்துவிட்டது, ஆனால் படுக்கை எங்கே? செல்வம் மிக்க நாடுகளின் முறைப்படி, நோயாளியைப் பல மாதம் சானடோரியத்தில் வைத்தே மருந்து தர வேண்டும். அந்நாளில் இந்தியாவிலிருந்த காசநோய்ப் படுக்கைகள் நோயாளிகளின் தொகைக்கு முன்னே கடலில் கரைத்த பெருங்காயம். காசநோய் நகரத்து நோய், புகையும் நெரிசலும் உள்ள இடத்து நோய் என்றொரு நம்பிக்கை வேறு இருந்தது. 1955 முதல் 1958 வரை நாடு முழுவதும் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு அதைப் பொய்யாக்கிற்று. நகரத்தில் எந்த அளவோ, ஏறத்தாழ அதே அளவு கிராமத்திலும் நோய் இருந்தது. கிராமத்து ஏழைக்குச் சானடோரியத்தில் இடம் கிடைப்பது எப்போது?

இந்தக் கேள்விக்கு விடை காணவே 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. ஆங்கில நாட்டு மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முதலில் அதை முன்னின்று நடத்தினார்.

அவர்கள் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை நகரத்து ஏழை மக்களுள் காசநோய் கண்ட 193 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். இவர் சானடோரியத்திற்கு, இவர் வீட்டிற்கு என்று மருத்துவர் தம் விருப்பப்படி பிரிக்கவில்லை. சீட்டுப் போட்டு எடுப்பது போன்ற முறையில் இரு பகுதியாகப் பிரித்தார்கள். இரு பகுதியினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள், ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும், ஓய்வும், செவிலியரின் கவனிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களோ நெருக்கமான சிறு வீடுகளில் இருந்துகொண்டு, கிடைத்ததை உண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டார்கள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. அந்த ஆறு பேர் வேறுபாட்டை ஒன்றுமில்லை என்று நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஏழை நோயாளியின் முன் இருந்தது சானடோரியமா வீடா என்னும் தேர்வு அன்று. வீட்டில் மருந்தா, மருந்தே இல்லையா என்பதே. மற்றோர் அச்சமும் இருந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? அவ்வீட்டாரை ஐந்தாண்டு வரை தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். சானடோரியத்திற்குச் சென்றவரின் வீட்டாரைவிட இவர்களுக்குக் கூடுதல் தீங்கு ஏதும் நேரவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் தொற்று நடந்துவிடுகிறது; மருந்து தொடங்கிய பின் அது விரைவில் குறைந்துவிடுகிறது.

வீட்டிலேயே நோயைத் தீர்க்கலாம் என்பது ஏழை நாடுகளுக்கெல்லாம் வழி திறந்தது. செல்வ நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். உதவி என்றால் மேல்நாட்டார் கொடுப்பதும் நாம் கையேந்துவதும் என்றே பலர் எண்ணுகிறோம். இங்கே கேள்வி நம் வறுமையிலிருந்து பிறந்தது. சோதனை நம் மக்களின் வீடுகளில் நடந்தது. விடையை உலகம் எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்த நிலையத்தை, 1964-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. வந்தவர்கள் திரும்பிப் போன பின்னும் வேலை நிற்கவில்லை. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயரில் சேத்துப்பட்டில் அது இன்றும் நடக்கிறது. வெளியார் உதவி எதுவாயினும், அவர்கள் போன மறுநாள் என்ன ஆகும் என்று கேட்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டு மருத்துவத்தில் ஓர் இடர் இருந்தது. இருமல் சற்றுத் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. பாஸ் மருந்தோ வயிற்றைப் புரட்டுவது. ஆகவே ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டிற்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னர், வாரம் இருமுறை ஊழியர் கண்ணெதிரே மருந்து தரும் முறையைச் சோதித்து, 1964-இல் முடிவை வெளியிட்டார்கள். இம்முறையையும் டான்சானியா போன்ற நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்தே, உலக சுகாதார நிறுவனம் 1990-ஆம் ஆண்டுகளில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. நம் நாட்டில் அது 1997-இல் தொடங்கி, 2006-இல்தான் நாடு முழுவதையும் எட்டியது. சென்னையில் கண்டது சென்னைக்கு அருகிலுள்ள கிராமத்திற்கு வந்து சேர இத்தனை காலமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெங்களூரில் 1959-இல், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் துணைநிற்க, தேசியக் காசநோய் நிலையம் அமைந்தது. அந்நிலையத்தார் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களில் நோயாளிகளைக் கண்டு பேசினார்கள். கிராமத்தார் அறியாமையால் மருத்துவரிடம் போவதில்லை என்று பட்டணத்தார் சொல்வதுண்டு அல்லவா? 1963-இல் வெளியான அவ்வாராய்ச்சி வேறு விதமாகச் சொல்லிற்று. சளியில் கிருமி இருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே மருத்துவ நிலையத்திற்குப் போய் வந்தவர்கள்! இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள், சளியைச் சோதிக்கவில்லை. குற்றம் யாருடையது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மருந்து ஒழுங்காகச் சேர்ந்தால் எளிய உணவு உண்பவருக்கும் நோய் தீரும் என்று சென்னை ஆராய்ச்சி காட்டியது. அதனால் உணவு வேண்டா என்று கொள்ளலாகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. நோயாளிக்கு மத்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். வங்கிக் கணக்கு இல்லாமையால் இத்தொகை சிலருக்குக் கிட்டாமற் போகிறது. இதைச் சரிசெய்ய ஜெனீவாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. உறுப்பினர் ஒருவர் வங்கி வரை உடன் போய் வந்தால் போதும்.

உலகில் காசநோய் காண்பவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோயற்ற ஊராட்சி என்னும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டிருக்கிறது. நோயாளியே இல்லை என்று எழுதிக் கொடுத்துப் பாராட்டுப் பத்திரம் வாங்குவது எளிது. சோதிக்காத ஊரில் நோய் தெரியாது. அதனால்தான் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு முப்பது பேரையாவது சோதித்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள். மூவாயிரம் பேர் வாழும் ஊராட்சியானால் தொண்ணூறு பேர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. அடுத்த கிராம சபையில், உங்கள் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை பேரின் சளி சோதிக்கப்பட்டது என்று சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுகின்றவர் உங்கள் தெருவில் எவரேனும் இருந்தால், கிராம சபை வரை காத்திராமல் நாளைக் காலையே அவரை அழைத்துச் செல்லுங்கள்.