எழுத்துக் கூட்டிப் படிப்போம்
(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் கணவர் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு வீட்டில் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்த என் பேரன், "நீயே படிச்சுக் காட்டு பாட்டி" என்றான். நான் இருக்கும்வரை சரி. அதற்கப்புறம்? நம் குடியிருப்பில் பல வீடுகளில் இதே கதைதான். நவுன், வெர்ப் என்று ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கும்பகோணம் பேருந்தின் பலகையைப் படிக்க வரவில்லை.

"247 எழுத்தா!" என்று பயப்படுவது நாம்தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பவை. க் + ஆ = கா. துணைக்கால், கொம்பு எல்லாம் இந்தக் கூட்டலின் அடையாளங்கள். உ, ஊ வரிசையில் மட்டும் வடிவம் பலவாறு மாறும். அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கல், கால் என்று கைதட்டிச் சொல்ல வையுங்கள். 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் 'க' வருகிறது, ஒலி வேறு. பிள்ளை அங்கே தடுமாறினால் திட்டாதீர்கள்.

அடுத்தது பொருள். "மாமா நாற்று நட்டார்." நட்டது யார்? மாமா: எழுவாய். என்ன செய்தார்? நட்டார்: பயனிலை. எதை நட்டார்? நாற்றை: செயப்படுபொருள். முதலில் கேள்வி, பிறகு பெயர். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் பரீட்சையோடு மறந்துவிடும்.

நம் வலங்கைமானில் 1869-ல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்றவர். 1940-ல் அவர் தலைமையில் அரசு அமைத்த கலைச்சொல் குழு வடமொழிக்கு அதிக இடம் தருகிறது என்று தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். பாடத்தில் வரும் சொல் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அன்றே இருந்தது.

ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் சங்க அறையைத் திறந்து வையுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் நாங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோம். செலவு ஒன்றுமில்லை.

போன வாரம் என் பேரன் அந்தக் கடிதத்தின் முதல் வரியைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தான். இன்னும் நிறைய வரிகள் இருக்கின்றன.