பந்து தருவோரும் சட்டம் தருவோரும்

(விளையாட்டுக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



தேர்தற் காலம் வந்துவிட்டால் உதைபந்தாட்ட மைதானங்களுக்குப் புதிய இரசிகர்கள் பலர் வந்து சேர்கின்றனர். நேற்று வரை பந்து எப்பக்கம் உருள்கின்றதென்று பாராதவர்கள், இன்று கழகத்தின் நிறத்திலே சால்வை அணிந்து முன்வரிசையில் அமர்கின்றனர். அவர்களை எள்ளி நகையாடுவதற்காக நாம் இங்கு நிற்கவில்லை. வாக்குக் கேட்டு வருதல் அபேட்சகரின் கடமை. வந்தவரிடம் எதனைக் கேட்பது என்று அறிந்திருத்தல் வாக்காளரின் கடமை. இவ்விரண்டாவது கடமையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

அரசியலார் மைதானத்தை நாடுவது ஏன்? ஒரு கழகத்தின்மீது மக்கள் வைத்திருக்கும் பற்று தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வருவது. கட்சி மாறுகின்றவர் உண்டு. தொழில் மாறுகின்றவர் உண்டு. தோற்றுக்கொண்டேயிருக்கும் கழகத்தைக் கைவிட்டு மறு கழகத்துக்கு மாறுகின்ற இரசிகரைக் காண்பது அரிது. அத்தகைய உறுதியான அன்பில் ஒரு சிறு பங்கையேனும் தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாமென அரசியலார் எண்ணுவதில் வியப்பில்லை.

இத்தாலியில் பெர்லுஸ்கோனி என்பவர் 1986ஆம் ஆண்டில் ஏ.சி. மிலான் கழகத்தை வாங்கினார். 1994ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென அவர் தொடங்கிய கட்சிக்கு இட்ட பெயர் 'போர்சா இத்தாலியா' என்பது. அது தேசிய அணி ஆடும்போது இரசிகர் எழுப்பும் கோஷம். கோஷமே கட்சியாயிற்று, அவ்வாண்டிலேயே அவர் பிரதம மந்திரியுமானார். இங்கிலாந்தில் டேவிட் கமரன் தம்மை அஸ்ரன் வில்லாக் கழகத்தின் இரசிகரென்று நெடுங்காலம் கூறிவந்தவர். 2015ஆம் ஆண்டுத் தேர்தற் பிரசாரத்தில், ஏப்ரல் மாதத்துக் கூட்டமொன்றிலே, வெஸ்ற் ஹாம் கழகத்தைத் தாம் ஆதரிப்பவர்போல் பேசிவிட்டார். நாடே நகைத்தது. ஆயினும் அடுத்த மாதம் நடந்த தேர்தலில் வென்றவர் அவரே. இவற்றிலிருந்து தெரிவது யாது? ஒருவர் மெய்யான இரசிகரா, பொய்யான இரசிகரா என்று ஆராய்வதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அவர் நெஞ்சில் எந்தக் கழகம் இருந்தாலென்ன? கையொப்பமிட்டு எதைத் தந்து செல்கின்றார் என்பதே கேள்வி.

இதனை விளக்குவதற்கு ஓர் ஊரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் நகருக்கு வடக்கே பெரி என்னும் ஊர் உள்ளது. பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. அங்கே 1885ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பெரிக் கழகம், எப்.ஏ. கிண்ணத்தை 1900இலும் 1903இலும் வென்றது. 1894 முதல் இங்கிலாந்தின் லீக் போட்டிகளில் இடையறாது இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் அக்கழகம் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. 2019 வசந்தத்தில் அணி வெற்றி பெற்று மேற்பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் கழகத்தின் நிதி நிலையோ சீர்குலைந்திருந்தது. ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி, அடுத்த ஆட்டம் நடக்குமென்ற நம்பிக்கையோடு இரசிகர்கள் துடைப்பமுந் துணியும் ஏந்திக் 'கிக் லேன்' மைதானத்தின் ஆசனங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே லீக் நிர்வாகம் கழகத்தை வெளியேற்றியது. 125 ஆண்டு உறவு ஒரே நாளில் அறுந்தது.

இதில் இரசிகர் செய்த குற்றம் ஏதுமில்லை. கழகத்தை யார் வாங்கலாம், எவ்வளவு கடன் படலாம், மைதானத்தை ஈடு வைக்கலாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கமக்காரர்களாகிய நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். தலைமுறை தலைமுறையாக உழுதவன் ஒருவன்; உறுதியில் பெயருள்ளவன் வேறொருவன். நிலம் விலைப்படும் நாளில் உழுதவனை யாரும் கேட்பதில்லை.

நான்கு மாதமும் கழியவில்லை. டிசெம்பர் 12ஆந் திகதி பொதுத் தேர்தல் வந்தது. பெரி வடக்கு, பெரி தெற்கு என அவ்வூருக்கு இரு தொகுதிகள். அத்தேர்தலில் கொன்சர்வேற்றிவ் கட்சி, உதைபந்தாட்ட நிர்வாகத்தை இரசிகர் முன்னின்று ஆராயும் விசாரணை நடத்துவோமென்று தன் விஞ்ஞாபனத்தில் எழுதியது. தொழிற் கட்சியோ, கழகப் பணிப்பாளர்களில் இருவரையேனும் நியமிக்கவும் நீக்கவும் இரசிகர் சங்கங்களுக்குச் சட்டப்படி உரிமை தருவோமென்று எழுதியது. பெரி வடக்கிலே கொன்சர்வேற்றிவ் அபேட்சகர் 105 மேலதிக வாக்குகளால் வென்றார். பெரி தெற்கிலும் அக்கட்சியே 402 வாக்குகளால் வென்றது. உதைபந்தாட்டந்தான் வெற்றியைத் தீர்மானித்ததென்று நாம் சொல்ல மாட்டோம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற பெருங் கேள்வி அத்தேர்தலின்மேற் கவிந்திருந்தது. ஆனால் வித்தியாசம் 105 வாக்குகளாயிருக்கும் தொகுதியில், கழகத்தை இழந்து நிற்கும் இரசிகர்களை அலட்சியஞ் செய்ய எந்தக் கட்சிக்குத் துணிவு வரும்?

தேர்தல் முடிந்தது, வாக்குறுதி உறங்கியது. ஓராண்டுக்கு மேல் அவ்விசாரணை தொடங்கவில்லை. 2021 ஏப்ரல் 18ஆந் திகதி, ஐரோப்பாவின் பன்னிரண்டு செல்வக் கழகங்கள் தமக்கெனத் தனிப் போட்டியொன்றை அமைக்கப்போவதாக அறிவித்தன. அவற்றுள் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள். இரசிகர்கள் வீதிக்கு வந்தார்கள். செல்சிக் கழகத்தின் வாயிலில் அக்கழகத்தின் இரசிகர்களே திரண்டு நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் ஆறு கழகங்களும் பின்வாங்கின. அந்த ஆரவாரத்துக்கிடையே, ஏப்ரல் 19ஆந் திகதியே, அரசாங்கம் உறங்கிய விசாரணையை எழுப்பி, ட்ரேசி குரவுச் என்னும் பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒப்படைத்தது. அவருடைய அறிக்கை அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. கழகங்களைக் கண்காணிக்கச் சட்ட வலுவுள்ள சுதந்திர ஆணையம் வேண்டுமென்பது அதன் தலையாய பரிந்துரை.

இனி, 2022 ஏப்ரல் இறுதியைப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. பிரதம மந்திரி பொரிஸ் ஜோன்சன் பெரிக் கழகத்தின் மைதானத்துக்கு வந்தார், இரசிகர்களோடு படமெடுத்துக்கொண்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் இரசிகர் குழுவொன்று அம்மைதானத்தை வாங்கியிருந்தது. அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து அதற்குக் கிடைத்த உதவி 10 இலட்சம் பவுண். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவோமாக. படம் அன்றைய பத்திரிகையோடு போயிற்று. மைதானத்தின் உறுதியோ இரசிகர் கையிலே நின்றது. அடுத்து வந்த தேர்தலில் பெரி வடக்கு மீண்டும் தொழிற் கட்சியின் வசமாயிற்று, மைதானம் கைமாறவில்லை.

ஆணையத்துக்கான சட்டமும் நேர்வழியில் வரவில்லை. கொன்சர்வேற்றிவ் அரசாங்கம் 2024 மார்ச்சில் மசோதாவைச் சமர்ப்பித்தது. பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டுப் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற் கட்சி, அவ்வாண்டு ஒக்டோபரில் புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. விந்தை யாதெனில், முதலில் மசோதா கொண்டுவந்த கட்சியே, எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்தபின், இறுதி வாசிப்பில் எதிர்த்து வாக்களித்தது! கட்சிகளும் இடைவேளைக்குப் பின் பக்கம் மாறி ஆடுவதுண்டு போலும். ஆயினும் 2025 ஜூலை 21ஆந் திகதி அது சட்டமாயிற்று. முதல் ஐந்து படிகளிலுள்ள 116 ஆண்கள் கழகங்களும் இனி உரிமம் பெற்றே இயங்க வேண்டும். வாங்க வருவோரை ஆணையம் ஆராயும். அதன் இசைவின்றிச் சொந்த மைதானத்தை விற்க இயலாது. சின்னத்தையும் நிறத்தையும் இரசிகரைக் கேளாது மாற்ற இயலாது.

பெரி இரசிகர்களிடத்தும் குறையில்லாமலில்லை. கழகம் வீழ்ந்தபின் அவர்கள் இரு பிரிவாயினர். ஒரு சாரார் புதிய கழகம் கண்டனர். மற்றொரு சாரார் மைதானத்தைக் காத்தனர். 2022இல் ஒன்றிணைய வைத்த வாக்கெடுப்பில் ஒரு பிரிவிலே வேண்டிய பெரும்பான்மை கிட்டவில்லை. 2023 மே மாதத்திலே மீண்டும் வாக்கெடுத்து ஒன்றாயினர்; பழைய பெயரோடு பழைய மைதானத்தில் கீழ்ப்படியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினர். அவர்களை ஒன்றுசேர்த்தது எந்த அபேட்சகரின் மேடையுமன்று. அவர்களுடைய வாக்குச் சீட்டே.

அன்பர்களே, இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். விருப்பு வாக்கு முறையில் நமது நாட்டில் 1989 முதல் பாராளுமன்றத் தேர்தல் நடைபெறுகின்றது. ஒரே கட்சியின் அபேட்சகர்களே ஒருவரோடொருவர் போட்டியிடும் முறை இது. இதில் சில நூறு விருப்பு வாக்குகள் ஒருவரை உள்ளே அனுப்பும். மற்றவரை வெளியே நிறுத்தும். ஆகவேதான் சில நூறு இளைஞரைக் கொண்ட கழகம் அபேட்சகரின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றது. பந்து வருகின்றது, மேற்சட்டை வருகின்றது, சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம் வருகின்றது.

இங்கே சட்டத்தின் நிலையைச் சொல்வது நமது கடமை. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், ஆங்கிலத் தேர்தற் சட்டத்தின் வழிவந்தது. வாக்கைப் பெறும்பொருட்டுப் பணமோ பொருளோ கொடுத்தலை இலஞ்சமென்றும், உண்டியும் குடியும் அளித்தலை விருந்துபசாரமென்றும் அது ஊழற் செயல்களாக வகுக்கின்றது. கொடுப்பவர் மட்டுமல்லர், வாக்கின் பொருட்டு வாங்குபவரும் குற்றவாளியே. ஆனால் எல்லார்க்கும் பொதுவான ஒரு கொள்கையை, ஒரு சட்டத்தை, வாக்குறுதியாக அளிப்பது குற்றமன்று; அதுதான் சனநாயகம். இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமென்று எண்ணிவிடாதீர்கள். பந்தைத் தந்தவர் நமக்குக் கடனாளியல்லர். நாமே அவருக்குக் கடனாளிகள். வாக்குறுதி தந்தவரோ நமக்குக் கடனாளி.

"ஐயா, எமது கழகம் வறிய கழகம். தருவதையும் வேண்டாமென்றால் பிள்ளைகள் எதை உதைப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வறுமையை நாம் இகழவில்லை. பொதுப் பணத்திலிருந்து கழகங்களுக்கு ஒதுக்கப்படும் நிதி எவருடைய சட்டைப் பையிலிருந்தும் வருவதன்று. அது உங்கள் வரிப்பணம். அதனை எழுத்திலே விண்ணப்பித்து, உரிமையாகப் பெற்று, பற்றுச்சீட்டெழுதிக் கணக்கிலே சேருங்கள். அதன்பொருட்டு எவருக்கும் மேடை போட வேண்டியதில்லை; கழகத்தின் அங்கத்தவர் பட்டியலை எவர் கையிலுங் கொடுக்க வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவே.

பிறகு என்ன கேட்பது? எல்லாக் கட்சி அபேட்சகர்களையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்துக்கு அழையுங்கள். மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். எங்கள் மைதானம் யார் பெயரில் இருக்கின்றது. அதனை ஊருக்கே உறுதிப்படுத்த என்ன செய்வீர்? விளையாட்டு நிதியைப் பங்கிடும் முறையையும் கணக்கையும் பகிரங்கப்படுத்துவீரா? சங்கங்களின் தேர்தல்களில் அரசியல் தலையீட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களிப்பீரா? மறுமொழிகளைக் கையொப்பத்தோடு பெற்று வாசிகசாலையிலே தொங்கவிடுங்கள்.

மூன்றாவது கேள்வியை வீணாகச் சேர்க்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பெரும் அதிகாரங்களை அளிக்கின்றது. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம், வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்திலேதான் தடை நீங்கியது. அக்காலமெல்லாம் சர்வதேச ஆட்டத்தை இழந்து நின்றவர்கள் விளையாட்டு வீரர்களே. ஆகவே, சட்டம் வேண்டுமென்று நாம் கேட்பது அமைச்சரின் கைப்பிடியை இறுக்குவதற்கன்று. அமைச்சர் கைக்கும் முதலாளி கைக்கும் எட்டாத இடத்தில் கழகத்தை வைப்பதற்கே.

பெரி நகரத்து இரசிகர்கள் கழகத்தை இழந்த நாளுக்கும் சட்டம் நிறைவேறிய நாளுக்கும் இடையே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அக்காலத்தில் பல பிரதம மந்திரிகள் வந்து போயினர். சால்வை அணிந்தவர்களும் மாறினர். ஒரே கேள்வியைச் சலியாமல் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் மாறவில்லை. நமது மைதானத்துக்கும் அபேட்சகர்கள் வரட்டும், வரவேற்போம், நிழலில் ஆசனமிட்டு அமர்த்துவோம். ஆட்டம் முடிந்து அவர்கள் எழும்போது அந்த மூன்று கேள்விகளையும் கையிலே கொடுத்து, மறுமொழி எழுதும்வரை வாயிலிலே காத்து நிற்போமாக.