சோளகக் காற்றில் ஒரு சைக்கிள்



யாழ்ப்பாணத்திலே நாம் சைக்கிளை 'உழக்குவோம்'. தமிழ்நாட்டில் அதனை மிதிவண்டி என்பார்கள். எங்கள் அரசாங்கப் படிவங்களிலே அது துவிச்சக்கரவண்டி. வண்டிக்கு எந்தப் பெயரை வைத்தாலும் எங்கள் பேச்சிலே வாழ்வது இந்த வினைச்சொல்தான். மிதித்தல், கலக்குதல் என்று அகராதி பொருள் கூறும் பழஞ்சொல் அது. காலின் பாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால், மோட்டார் ஒன்று கூடவே உழைக்கும்போது நாம் செய்வதும் உழக்குதல்தானா? இதனை என்னிடம் கேட்டவர் இலக்கணப் புலவர் அல்லர், எனது தகப்பனார்.

2022 இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வரிசைகளில் நின்று களைத்தவர்களில் நானும் ஒருவன். பின்னர் சிறிது காசு சேர்ந்ததும் மின்சாரச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பின்சில்லின் நடுவிலே மோட்டார். சட்டத்திலே பூட்டிய பற்றரி. நாம் உழக்கத் தொடங்கியதும் மோட்டாரும் கைகொடுக்கும். அந்த உதவியைப் பொத்தானால் கூட்டலாம், குறைக்கலாம், முற்றாக நிறுத்தவும் செய்யலாம். மோட்டாரின் வலு 250 வாற்று. என்னைப் போன்ற ஒருவர் தொடர்ந்து உழக்கினால் 75 முதல் 100 வாற்று வரைதான் தேறும். முழு உதவியோடு ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று பேர் என்னோடு சேர்ந்து உழக்குகிறார்கள் என்று கொள்ளலாம்.

வேலணையிலிருக்கும் ஐயாவைப் பார்க்க அதிலேதான் போனேன். ஆடி மாதம். பண்ணைப் பாலத்தில் சோளகம் எதிர்த்து வீசியது. ஆயினும் வியர்க்காமல் போய் இறங்கினேன். ஐயா வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்தைத் தூக்கியும் பார்த்தார்.

"உது தானாய் ஓடுதோ, நீ உழக்கிறியோ?"

"இரண்டும்தான், ஐயா."

"அப்ப உன்ரை பங்கு எவ்வளவு?"

எனக்குப் பதில் வரவில்லை. "உதை நிப்பாட்டிப்போட்டு ஒருக்கால் ஓடிப் பார்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, பண்ணை தொடங்குமிடத்தில் உதவியை நிறுத்தினேன். முதல் உழக்கிலேயே பாரம் தெரிந்தது. சாதாரணச் சைக்கிளைவிட ஏழெட்டுக் கிலோ கூடிய வண்டி அது. சிலவகை மோட்டார்கள் நிறுத்திய பின்னும் காந்தத்தால் சில்லைச் சற்றுப் பிடித்து இழுக்கும். என்னுடையது அந்த வகையன்று. சில்லைத் தன்பாட்டில் விட்டுவிடும். ஆகவே, பழியை அதன்மேல் போடவும் வழியில்லை.

சமதரையிலே பாரம் வருத்துவது புறப்படும்போதுதான். பிறகு வருத்துவது காற்று. மலைநாட்டார்க்கு ஏற்றம் எப்படியோ, மேடே இல்லாத எங்களுக்குக் காற்று அப்படி. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது விஞ்ஞான பாடம். அன்று அதனை முழங்கால் படித்தது. மோட்டாரோடு போனபோது சோளகம் காதில் கேட்ட இரைச்சல் மட்டுமே. இப்போது நெஞ்சிலே கைவைத்து மறித்தது. மண்டைதீவுச் சந்தியில் இறங்கி மூச்சு வாங்கினேன். 'உன்ரை பங்கு எவ்வளவு' என்ற கேள்வி அங்கே எனக்கு வேறொரு விதமாய்க் கேட்டது.

1992 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. வேலணையை விட்டுவந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒதுங்கியிருந்தோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமில்லை; பற்றரிக்கும் தடை. இரவில் ஐயா சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு வயர் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அந்த டைனமோ தந்தது 3 வாற்று. இன்று எனது பற்றரியில் அடங்கும் 360 வாற்று மணியைக் கொண்டு அந்த வானொலியை 120 மணிநேரம் கேட்டிருக்கலாம்.

கை தளர்ந்தால் பி.பி.சி. தமிழோசையின் குரலும் தாழ்ந்துபோகும். ஐயா காத்திருந்தது ஒரு செய்திக்காகத்தான்: தீவகத்திற்குத் திரும்பலாமா? ஒருநாள் இரவு, தீவகம் என்ற சொல் வந்த வேளையில் கைநோவு தாங்காமல் பெடலை விட்டுவிட்டேன். மறுபடி குரல் எழும்பியபோது அந்தச் செய்தி கடந்துபோயிருந்தது. ஐயா ஏசவில்லை. மறுநாளிலிருந்து தானே சுற்றினார். சுற்றுகிறவருக்குச் சில்லின் இரைச்சலில் செய்தி சரியாய்க் கேளாது.

சந்தியிலிருந்து எஞ்சிய தூரத்தையும் மோட்டாரின்றியே உழக்கினேன். நனைந்த சேட்டைப் பார்த்த ஐயா, "முதலிலை தண்ணியைக் குடி" என்றார். குடித்தபின் அந்த இரவைப் பற்றிக் கேட்டேன்.

"அதோ? அண்டைக்கே பக்கத்து வீட்டிலை போய்க் கேட்டனான். புதிசாய் ஒண்டும் இல்லை எண்டவை."

முப்பது வருடத்திற்கு மேலாக நான் சுமந்ததை அவர் ஒரே வரியில் இறக்கிவைத்தார்.

நேயர்களே, இலக்கியத்திலும் எங்களுக்கு இத்தகைய துணைகள் உண்டு. ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளைப் பதிப்பித்தார். அவ்வுரையின்றி நான் குறள் படிப்பித்திருக்க முடியாது. ஆயினும் இப்போதெல்லாம் உரையை மூடிவைத்து, மாணவரைப் பத்து நிமிடமேனும் மூலத்தோடு மல்லுக்கட்ட விடுகிறேன். பெரும்பாலும் பிழையாகவே பொருள் சொல்கிறார்கள். பிறகு உரையைத் திறந்தால், தாங்கள் வந்த தூரம் எது, பரிமேலழகர் கைகொடுத்த இடம் எது என்பது அவர்களுக்கே விளங்குகிறது. முதலிலேயே உரையைப் படித்தவனுக்கு இரண்டும் தெரியாது.

அன்று பின்னேரம் திரும்பும்போதும் மோட்டாரைப் போடவில்லை. வண்டி இலேசாக ஓடிற்று. என் கால் தேறிவிட்டது என்று சற்றுப் பெருமைகூடப் பட்டேன். பண்ணையில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்: காலையில் நெஞ்சை மறித்த அதே சோளகம் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவசரமான நாட்களில் மோட்டாரைப் போடுகிறேன், அதில் வெட்கமில்லை. வேலணைக்குப் போகையில் மட்டும் பண்ணையிலே நிறுத்திவிடுவேன். ஐயா கேட்டால் என் பங்கைச் சொல்லவேண்டுமே.