ஸ்பானிய மொழியின் நிபந்தனை வினை
(மொழிப்பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கிய நாளில், கல்வியுதவி வேண்டி அம்மொழியிலேயே ஒரு நிறுவனத்திற்கு மடல் வரைந்தேன். ‘வாய்ப்பு அளித்தால் மகிழ்வுடன் கற்பேன்’ என்பது என் கருத்து. ‘அப்ரெந்தெரீயா’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அப்ரெந்தீயா’ என்று எழுதிவிட்டேன். ‘மகிழ்வுடன் கற்று வந்தேன்’ என அது பொருள்பட்டது. உதவி கிட்டவில்லை, காரணம் இதுதானோ, வேறோ! விடுபட்ட அந்த ஓர் அசையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஸ்பானிய வினைகளின் மூலவடிவம் ஆர், ஏர், ஈர் என மூவகையாக முடியும். நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் இவ்வீற்றை நீக்கியே விகுதி சேர்ப்பர். எதிர்காலத்திலும் நிபந்தனையிலுமோ நீக்குதல் இல்லை. முழுச்சொல்லின் மீதே விகுதி ஏறும். கந்தார் என்பது பாடுதல், கந்தரீயா, பாடுவேன். கொமேர், உண்ணுதல், கொமெரீயா. பிபீர், வாழ்தல், பிபிரீயா. நான் என்பதற்கு ஈயா, நீ என்பதற்கு ஈயாஸ், அவர் என்பதற்கு மீண்டும் ஈயா, நாம் என்பதற்கு ஈயாமோஸ், நீவிர் என்பதற்கு ஈயாய்ஸ், அவர்கள் என்பதற்கு ஈயான். மூவகைக்கும் விகுதி ஒன்றே. ஈகாரத்தின் தலைமேல் சாய்கோடு இடுதலை மறவற்க. தெனேர் என்பது தெந்த்ரீயா ஆவதுபோல் ஏறத்தாழப் பன்னிரண்டு வினைகளில் அடி திரியும், விகுதி திரியாது.

இவ்விகுதி, ‘உடைத்தாதல்’ என்னும் லத்தீன் வினையின் இறந்தகால வடிவம் மூலவினையோடு ஒட்டித் தேய்ந்ததாகும். ஆகவேதான் ‘வருவேன் என்று நேற்றுச் சொன்னான்’ என்பதுபோல், இறந்த காலத்தில் நின்று பின்வருவதை நோக்கும் இடத்திலும் இது வரும். ஆந்திரேஸ் பேயோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்கு ‘இறந்ததன் பின்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ‘அப்போது மணி மூன்று இருக்கும்’ என நாம் ஊகித்துரைப்பதை அவர்கள் ‘செரீயான் லாஸ் த்ரேஸ்’ என்பர். நம் ‘இருக்கும்’ போலவே அதுவும் உறுதி கூறாது. ‘மே குஸ்தரீயா’ என்றால் ‘விரும்புகிறேன்’ என்பதைப் பணிவுடன் கூறுதல்.

ஓர் எச்சரிக்கை. ‘சி’ என்பது ‘ஆல்’ என்னும் நம் நிபந்தனை உருபுக்கு ஈடான சொல். அதனை அடுத்து இவ்வடிவத்தை இடுதல் கூடாது. அங்கு வேறொரு வடிவம் வரும். ஸ்பெயினின் வடபகுதி மக்கள் பேச்சில் அங்கும் இதனைக் கேட்கலாம். பள்ளி இலக்கணம் அதனை ஏற்பதில்லை.

‘சி துபியெரா தியெம்போ, அப்ரெந்தெரீயா.’ நேரம் இருந்தால் கற்பேன். இதனைக் கரும்பலகையில் எழுதியுள்ளேன். கற்றலுக்கு மாற்றாகப் பாடுதலையும் வாழ்தலையும் வைத்து, அறுவகை இடங்களுக்கும் எழுதிக் காட்டுங்கள்.